காருக்கு மறுபடி பெயிண்ட்: பட்டறை தேடுவது முதல் வாரண்டி எழுதி வாங்குவது வரை

2019-ல் எங்கள் பழைய வேகன்ஆருக்கு முழு பெயிண்ட் அடித்தோம். எட்டு மாதம் கழித்து, டிசம்பர் மழை விட்ட ஒரு காலையில் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியோடு ஒரு பிசிறு வந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடித்தாள் மாதிரி மேல்பூச்சு உரிந்து வந்தது. அடியில் சில்வர் நிறம் அப்படியே இருந்தது, பளபளப்பு மட்டும் போயிருந்தது.

"மூணு வருஷம் வாரண்டி சார், கவலையே படாதீங்க" என்று சொல்லித்தான் அந்தப் பட்டறையில் வண்டியை வாங்கினார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் "பெயிண்டிங் ஒர்க்" என்று ஒரே ஒரு வரி. கீழே மொத்தத் தொகை. பட்டறைக்குப் போனால் அங்கே வேறு ஆள். இடத்தை வாங்கி நான்கு மாதம் ஆகிறதாம். பழைய வேலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இரண்டாவது முறை அடித்த பெயிண்ட் இன்றும் நன்றாக இருக்கிறது. முதல்முறை தெரியாமல் விட்டதையெல்லாம் அப்போது கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலாகப் பெயிண்டுக்கு வண்டியைக் கொடுக்கப் போகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பெயிண்ட் தேவைதானா என்று பாருங்கள்

கீறல் மேல் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு, அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சோடு, நின்றிருக்கும். தண்ணீர் தெளித்ததும் கீறல் மறைந்தாலும் அப்படித்தான். இதற்கு கம்பவுண்ட் (தேய்க்கும் பசை) போட்டு பாலீஷ் செய்தாலே போதும். நகம் மாட்டுகிறது, உள்ளே பிரைமரோ (நிறத்துக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு) தகரமோ தெரிகிறது என்றால்தான் பெயிண்ட்.

கதவின் அடி ஓரத்திலோ சக்கர வளைவிலோ கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அது உள்ளிருந்து வரும் துரு. மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் திரும்ப வரும். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்த பிறகுதான் பெயிண்டைப் பற்றியே பேச வேண்டும். ஈசிஆர் பக்கம், கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 2: நிறத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ 'கலர் கோடு' எனப்படும் நிறத்தின் எண் இருக்கும். மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ். வெறுமனே "சில்வர்" என்று சொன்னால் போதாது, எண்ணைச் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தாலும் பத்து வருஷம் வெயிலில் நின்ற வண்டியின் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதனால் ஒரு கதவுக்கு மட்டும் அடிக்கும்போது நல்ல பெயிண்டர் பக்கத்து பேனலின் ஓரத்துக்கும் நிறத்தைக் கொஞ்சம் இழுத்துக் கரைத்து விடுவார். மெட்டாலிக், பியர்ல் நிறங்களுக்கு இது கட்டாயம்.

நிறத்தையே மாற்றப் போகிறீர்கள் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியிலும் நிறத்தை மாற்ற வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். பழைய நிறமே போதும் என்றால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

படி 3: இன்சூரன்ஸில் போடுவதா, கையிலிருந்து கொடுப்பதா

வெயிலில் மங்கியதற்கு இன்சூரன்ஸ் வராது, இடித்ததற்கு வரும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண பாலிசியில் பெயிண்ட் பொருளின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பில் இருந்தால், அதில் 25 சதவீதத்தைப் பொருள் விலை என்று எடுத்துக்கொள்வார்கள். பெயிண்டிங் பில் 20,000 ரூபாய் என்றால் பொருள் 5,000, அதில் பாதியான 2,500 உங்கள் கையிலிருந்து. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி எடுத்திருந்தால் இது கழியாது. கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு தனி, 1500 சிசி வரையுள்ள காருக்கு அது 1,000 ரூபாய்.

அப்புறம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதம் சேர்த்து வைத்திருப்பவர், ஒரு பம்பருக்காக அதை இழக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சின்ன வேலைக்குக் கையிலிருந்து கொடுப்பதுதான் பல நேரம் லாபம்.

படி 4: மூன்று பட்டறைகளை நேரில் போய்ப் பாருங்கள்

கம்பெனி சர்வீஸ் சென்டர், பூத் வைத்திருக்கும் தனியார் பாடி ஷாப், தெருவோர டிங்கரிங் ஷெட் என்று மூன்று வகை. இரண்டாம் முறை நான் கேட்டதில் 71,000, 46,000, 28,000 என்று மூன்று விலை சொன்னார்கள். நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் விலை இல்லை, அங்கே பார்த்த சில விஷயங்கள்.

முதலில் கம்பிரசரைப் பாருங்கள். அதிலிருந்து ஸ்பிரே கன்னுக்குப் போகும் குழாயில் கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒன்று தொங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்துப் பிடிப்பது அதுதான். சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அது பெயிண்டோடு கலந்து போனால் பின்னால் கொப்புளமாகத்தான் வரும். நான் போன இடத்தில் பெயிண்டர் கன்னைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்தார். ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர் வந்தது. "தினம் காலையில இதான் முதல் வேலை" என்றார். அப்போதே மனம் பாதி முடிவு செய்துவிட்டது.

அடுத்தது பூத். நான்கு பக்கமும் மூடி, வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே இறங்கும் அறை. அடித்து முடித்ததும் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வேக வைப்பார்கள். கார் தொழிற்சாலையில் வெறும் தகரமாக இருக்கும்போதே 120 டிகிரிக்கும் மேல் சூடு கொடுக்கிறார்கள். வயரும் ரப்பரும் சீட்டும் உள்ள வண்டியில் அந்தச் சூடு முடியாது. அதனால்தான் மறுபெயிண்டில் ஹார்டனர் கலந்து இறுகும் வகையைப் பயன்படுத்துகிறார்கள். பட்டறைகளில் இதை 2கே என்றோ பியூ என்றோ சொல்வார்கள். பூத் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், உள்ளே எட்டிப் பாருங்கள். சில இடங்களில் அதற்குள் பழைய பம்பர்களை அடுக்கி வைத்திருப்பார்கள்.

பெயிண்டர் முகத்தில் என்ன அணிந்திருக்கிறார் என்றும் பாருங்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையனைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. தொழிலாளிக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கித் தராத முதலாளி, கண்ணுக்குத் தெரியாத பிரைமரில் நமக்கு நியாயமாக இருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

கடைசியாக, டெலிவரிக்கு நிற்கும் ஒரு வண்டியின் கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். அதில் பெயிண்ட் தூசி படிந்திருந்தால் பீடிங்கைக் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். கைப்பிடி, விளக்கு, பீடிங் எல்லாம் கழற்றி அடிக்கும் இடத்தில்தான் ஓரங்கள் உரியாமல் நிற்கும்.

படி 5: கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த கம்பெனி பெயிண்ட், எந்த கம்பெனி கிளியர் கோட் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பல பட்டறைகளில் இன்னும் "டூபாண்ட்" என்றுதான் சொல்வார்கள். டூபாண்ட் அந்தத் தொழிலை 2013-லேயே விற்றுவிட்டது, இப்போது அதன் பெயர் ஆக்சால்டா. சொல்கிறவர் பழக்கத்தில் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். நிப்பான், நெரோலாக், பிபிஜி, பிஏஎஸ்எஃப் எதுவானாலும் பெயிண்ட், ஹார்டனர், கிளியர் மூன்றும் ஒரே கம்பெனியின் தொகுப்பாக இருப்பது நல்லது.

மலிவான ஷெட்களில் ஹார்டனர் இல்லாத பழைய வகையான என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிப்பதுண்டு. சீக்கிரம் காயும், சீக்கிரம் மங்கும். சந்தேகம் இருந்தால், அவர்கள் முன்பு அடித்துக் காய்ந்த ஏதாவது ஒரு துண்டைக் கேட்டு, தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். என்சி என்றால் நிறம் கரைந்து துணியில் வந்துவிடும். நன்றாக இறுகிய 2கே அப்படி வராது.

பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, எவ்வளவு போடுவீர்கள் என்றும் கேளுங்கள். ஒடுக்கை முதலில் தட்டி நேராக்கிவிட்டு, மிச்சமிருக்கும் மேடுபள்ளத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பட்டி பார்க்க வேண்டும். தட்டாமல் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினால் அது ஒருநாள் வெடித்துக்கொண்டு விழும்.

படி 6: வாரண்டியை எழுதி வாங்குவது

வண்டியை விடுவதற்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும். பணம் கொடுத்த பிறகு கேட்டால் "பார்த்துக்கலாம் சார்" என்ற பதில்தான் வரும்.

வாரண்டி கொடுப்பது யார்? பட்டறையா, பெயிண்ட் கம்பெனியா? பட்டறை மட்டும் என்றால் பட்டறை இருக்கும்வரைதான் வாரண்டி. சில பெயிண்ட் கம்பெனிகள் தங்கள் முறைப்படி வேலை செய்யும் பட்டறைகள் வழியாகத் தாங்களும் உத்தரவாதம் தருகின்றன. அப்படியானால் அந்தச் சான்றிதழைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் வண்டி எண் இருக்க வேண்டும்.

எதற்கு வாரண்டி? உரிதல், கொப்புளம், வெடிப்பு, மங்குதல், கிளியர் கோட் பிரிதல் என்று குறையின் பெயர் ஒவ்வொன்றும் எழுத்தில் வர வேண்டும். கல் தெறித்தது, பறவை எச்சம், விபத்து, உள்ளிருந்து வரும் துரு இவற்றுக்குக் கிடையாது என்பார்கள், அது நியாயம்தான். பம்பருக்கு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பிளாஸ்டிக்குக்கு வேறு பிரைமர் அடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் முதலில் உரிவது பம்பர்தான்.

குறை வந்தால் என்ன செய்வார்கள்? அந்த பேனல் முழுவதையும் இலவசமாகத் திரும்ப அடிப்பார்களா, உரிந்த இடத்தை மட்டுமா? பொருள் அவர்களுடையது, கூலி உங்களுடையது என்று சொல்லும் இடங்களும் உண்டு.

பில்லில் எனக்கு எழுதிக் கொடுத்தது இது: "முழு பாடி, நிறம் இசட்2எஸ், 2கே பிரைமர், பேஸ் கோட், கிளியர் 2 கோட், பூத் பேக். உரிதல், கொப்புளம், கிளியர் பிரிதலுக்கு 3 வருடம், பேனல் முழுவதும் இலவச மறுபெயிண்ட்." கீழே தேதி, கிலோமீட்டர், முத்திரை, கையெழுத்து. பேஸ் கோட் என்பது கிளியருக்கு அடியில் வரும் நிறப் பூச்சு, பூத் பேக் என்பது பூத்துக்குள் வேக வைப்பது. ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று வெள்ளைத்தாளில் வாங்கினால் பின்னால் எங்கே போய்க் கேட்பது?

படி 7: நடுவில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

வண்டியை விடும்போது சுற்றிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து வைத்திருக்கும் நாளில் போன் செய்துவிட்டு நேரில் போங்கள். பட்டி எங்கே, எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் கண்ணில் தெரியும். பேஸ் கோட்டும் கிளியரும் ஒரே நாளில் அடிக்க வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். என் பானெட் உரிந்ததற்கு அப்படிச் செய்யாததுதான் காரணம் என்று இரண்டாவது பெயிண்டர் விளக்கினார்: பேஸ் கோட்டை அடித்துவிட்டு ஒன்றிரண்டு நாள் போட்டுவிட்டு, தேய்க்காமல் மேலே கிளியரை அடித்தால் இரண்டும் ஒட்டாது. அவசரப்படுத்தாதீர்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து தை மாதத்துக்குப் பிறகு கொடுங்கள்.

படி 8: டெலிவரி எடுக்கும்போது

பகலில் போங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா வண்டியும் அழகுதான். கழுவித் துடைத்த வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, கண்ணைத் தகரத்தோடு ஒட்டினாற்போல வைத்து நீளவாக்கில் பாருங்கள். எதிர்ச் சுவரின் விளிம்பு பெயிண்டில் நேராகத் தெரிய வேண்டும். நெளிந்தால் பட்டி சரியாகத் தேயவில்லை. வழிசல், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, தூசிப் புள்ளிகள் ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டுங்கள், நன்றாகத் தேய்த்து பாலீஷ் போட்டால் பெரும்பாலானவை போய்விடும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடைத்துவிட்டால் அங்கிருந்து துரு தொடங்கும்.

பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி கிடைத்தால் வைத்துப் பாருங்கள். கார் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். மேலே மறுபெயிண்ட் ஏறினால் 200, 300 என்று வருவது இயல்பு. ஒரே இடத்தில் 1000-ஐத் தாண்டினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது.

படி 9: முதல் மாதம்

முதல் வாரம் ஷாம்பூ வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ஒரு மாதத்துக்கு வேக்ஸ், செராமிக் கோட்டிங் எதுவும் வேண்டாம், பெயிண்டிலிருந்து ஆவி இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். இறுக்கமான கவர் போட்டு மூடாதீர்கள். பறவை எச்சம் விழுந்தால் ஈரத்துணியால் உடனே எடுத்துவிடுங்கள்.

குறை தெரிந்த அன்றே தேதியோடு படம் எடுத்து, பட்டறைக்கு வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ எழுத்தில் தெரிவியுங்கள். சரி செய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான்.

இன்னொன்று. வண்டியை எடுக்கும்போது மிச்சமான பேஸ் கோட்டில் கொஞ்சம் ஒரு சின்ன பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர் கலக்காததாக இருக்க வேண்டும், கலந்தது சில மணி நேரத்தில் இறுகிவிடும். மூடியை இறுக்கி, கலர் கோடும் தேதியும் எழுதி ஒட்டி, வண்டிக்குள் சூட்டில் போடாமல் வீட்டு அலமாரியில் வையுங்கள். கதவு ஓரத்தில் கல் தெறித்து வெள்ளைப் புள்ளி விழும்போது ஒரு மெல்லிய தூரிகை நுனியால் அதைத் தொட்டு வைத்தால் போதும்.