கருவி தமனியை அளக்கிறதா, வயதை வைத்து ஊகிக்கிறதா: சோதிக்கும் முறை

தமனி விறைப்பை அளக்கப் புதுக் கருவி ஏதாவது எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், முதலில் என் வயதைப் பொய்யாகக் கொடுத்துப் பார்ப்பேன். எனக்கு 41. கையில் பட்டையைக் கட்டி, 41 என்று பதிந்து ஒரு தடவை அளப்பேன். பட்டையைக் கழற்றாமல் வயதை மட்டும் 70 என்று மாற்றி மறுபடியும் அளப்பேன். போன வருஷம் வந்த ஒரு கருவியில் 7.2 என்று இருந்த எண் 10.9 ஆனது. ஐந்து நிமிஷத்தில் என் தமனி அவ்வளவு மாறியிருக்க வழியில்லை. அந்த எண்ணில் பெரும்பங்கு என் வயதிலிருந்து வந்திருக்கிறது.

அந்த எண் நாடி அலையின் வேகம். இதயம் துடிக்கும்போது கிளம்பும் அழுத்த அலை, விறைத்த குழாயில் வேகமாக ஓடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் டாக்டர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். ஒருவருக்கு மருந்தைக் கூட்டுவதா என்று யோசிக்க வைக்கும் எண் இது. அதனால்தான் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

சரி, ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். உடலுக்குள் எதையும் செலுத்தாத முறைகளில் கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இடையில் அளப்பதுதான் அளவுகோல். இரண்டு இடத்திலும் உணரியை வைத்து, அலை எத்தனை மில்லி செகண்ட் தாமதமாகத் தொடைக்கு வருகிறது என்று பார்க்கிறோம். தொடை இடுக்கில் கை வைக்க வேண்டியிருப்பதால் முன்பே விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். பெண்களுக்குப் பெண் டெக்னீஷியன் இருப்பது நல்லது.

வேகம் கணக்கிட இந்த இரண்டு இடத்துக்கும் உள்ள தூரமும் வேண்டும். நான் அதிகம் தவறு பார்த்தது அதை அளக்கும் டேப்பில்தான். கழுத்துக்கும் தொடைக்கும் 62 செ.மீ. என்று வையுங்கள். அதை 0.8-ஆல் பெருக்க வேண்டும்: 49.6 செ.மீ. அலை 62 மில்லி செகண்டில் வந்தால் வேகம் நொடிக்கு 8 மீட்டர். டேப் தொப்பை மேல் வளைந்து 65 என்று காட்டினால் அதே ஆளுக்கு 8.4 வரும். தொப்பை உள்ளவர்களுக்கு டேப்பை உடம்பில் படுக்க வைக்காதீர்கள். நீளமான கேலிப்பரால் நேர்கோட்டில் அளந்துவிடுங்கள்.

வருகிறவர் மூன்று மணி நேரமாவது காபியும் சிகரெட்டும் தொடாமல் வர வேண்டும். காலை எட்டு மணிக்கு வந்த ஒரு பெரியம்மா, "ஒரே ஒரு வாய் காபிதான்" என்றார். அவரை மறுநாள் வரச் சொன்னேன். சங்கடமாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் படுக்க வைத்து, பேசவிடாமல், பிபி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிபி ஏறினால் அலை வேகமும் ஏறும். அதனால் அளவுகோல் கருவி, புதுக் கருவி என்று மாற்றி மாற்றி உடனுக்குடன் அளக்க வேண்டும். ஒரே கருவியின் இரண்டு அளவுக்கு நடுவே நொடிக்கு 0.5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது எடுத்து, நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

தமனி ஆய்வாளர்களின் அமைப்பான ஆர்ட்டரி சொசைட்டி, இப்படிக் கருவிகளைச் சோதிக்க 2010-இல் வெளியிட்ட நெறிமுறை குறைந்தது 85 பேரைக் கேட்கிறது. முப்பதுக்குக் கீழ், முப்பதிலிருந்து அறுபதுக்குள், அறுபதும் அதற்கு மேலும் என ஒவ்வொரு பிரிவிலும் 25 பேராவது வேண்டும். இரண்டு கருவிக்கும் இடையே சராசரி வித்தியாசம் நொடிக்கு 0.5 மீட்டருக்குள்ளும், அந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் திட்ட விலக்கம் 0.8-க்குள்ளும் இருந்தால் மிக நன்று. சராசரி 1.0-ஐத் தொட்டாலோ, விலக்கம் 1.5-ஐத் தாண்டினாலோ கருவி தேறவில்லை.

கருவி விற்க வருகிறவர்கள் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு கருவியின் எண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண்) முதலில் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காதீர்கள். இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே படத்தில் போட்டால், வயதை மட்டும் கேட்டு எண் சொல்கிற கருவிக்கும் நல்ல கெழு வந்துவிடும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் காட்டியபடி, இரண்டு அளவின் சராசரிக்கு எதிரே வித்தியாசத்தைப் புள்ளி வையுங்கள். அதையும் வயதுப் பிரிவு வாரியாகத் தனித்தனியே போடுங்கள்.

அப்புறம், நெறிமுறையில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். வயதும் பிபியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் ஜோடிகளைத் தேடுவேன்: ஒருவர் ஆரோக்கியமானவர், இன்னொருவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, சிறுநீரகமும் கெட்டிருக்கும். அப்படி ஒரு ஜோடிக்கு எங்கள் அளவுகோல் 7.9, 11.6 என்றது. வயதில் ஏமாந்த அந்தக் கருவி 8.1, 8.2 என்றது. அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் இந்தப் பரிசோதனையே தேவைப்பட்டது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த ஜோடியின் அலை வரைபடங்களைத்தான் ஒட்டினேன்.