ஜிம் வாட்: சாம்பியனையும் வர்ணனையாளரையும் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய குத்துச்சண்டைகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறவர்கள் இப்போது நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அலி, ஃப்ரேசியர், டூரான் என்று ஆரம்பித்து, கொஞ்ச நாளில் பிரிட்டிஷ் சண்டைகள் பக்கம் வந்துவிடுவார்கள். அங்கே பல வீடியோக்களில் ஒரு ஸ்காட்லாந்துக் குரல் கேட்கும். பதற்றமில்லாமல், ஒவ்வொரு ரவுண்டையும் பிரித்துச் சொல்லும் குரல். யார் என்று தேடினால் ஜிம் வாட் என்ற பெயர் வரும். கிளாஸ்கோக்காரர், 1948-இல் பிறந்தவர், லைட்வெயிட் (சுமார் 61 கிலோ வரை) பிரிவில் டபிள்யூ.பி.சி. எனும் உலகக் குத்துச்சண்டை அமைப்பின் சாம்பியனாக இருந்தவர். 46 சண்டைகள், 38 வெற்றிகள், 8 தோல்விகள்.

அந்த எட்டைப் பார்த்தவுடன் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சுமாரான சாம்பியன், அதிர்ஷ்டத்தில் பட்டம், அப்புறம் டிவியில் நல்ல வேலை. எனக்கு மிகவும் பிடித்த சாம்பியன்களில் ஒருவரைப் பற்றி இப்படி எழுதப்படுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய சண்டைகளைப் பார்க்கும்போதும், வர்ணனையைக் கேட்கும்போதும் எங்கெங்கே சறுக்குகிறோம் என்று பார்க்கலாம்.

தேதியைப் பார்க்காமல் தோல்விகளை எண்ணுவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். வாட்டின் எட்டுத் தோல்விகளில் ஏழு, லண்டன் மேனேஜர் டெரி லாலஸிடம் அவர் போய்ச் சேர்வதற்கு முன்பு வந்தவை. எட்டாவது அவருடைய கடைசிச் சண்டை. இடையில் சுமார் ஐந்து வருடங்கள் யாரிடமும் தோற்கவில்லை. ஐரோப்பியப் பட்டம், உலகப் பட்டம், அதைக் காத்த நான்கு சண்டைகள் எல்லாமே அந்த இடைவெளியில் நடந்தவை. மொத்தக் கணக்கை ஒரே வரியில் படித்தால் இது கண்ணிலேயே படாது.

முதல் எட்டு வருடங்கள் எப்படி இருந்தன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1968-இல் அமெச்சூர் பட்டம் வென்ற கையோடு தொழில்முறைக்கு வந்தார். 1972-இல் பிரிட்டிஷ் பட்டத்துக்கான முதல் முயற்சியில், கண்ணருகே வெட்டுப்பட்டதால் வில்லி ரெய்லியிடம் தோற்றார். அதே வருடம் இன்னொரு வாய்ப்பு கிடைத்து டோனி ரைலியை வென்று சாம்பியன் ஆனார். அடுத்த வருடம் அதை கென் புகேனனிடம் பறிகொடுத்தார். 1975-இல் மறுபடி பிரிட்டிஷ் பட்டம். அதே வருடம் காமன்வெல்த் பட்டத்துக்காக நைஜீரியாவின் லாகோஸ் வரை போய், உள்ளூர் வீரர் ஜொனாதன் டெலேயிடம் புள்ளிகளில் தோற்றுத் திரும்பினார். அப்போது வயது 26. அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், ஏறுவதும் இறங்குவதுமாகவே காலம் போய்க்கொண்டிருக்கும் ஒரு நல்ல உள்நாட்டுச் சாம்பியன்தான் தெரிவார்.

லாலஸிடம் போன பிறகு சண்டைகளும் மாறின, உடல் தயாரிப்பும் மாறியது. லாலஸின் பட்டறையில்தான் ஜான் ஸ்ட்ரேசி, மாரிஸ் ஹோப் போன்ற உலகச் சாம்பியன்கள் உருவானார்கள். அவ்வளவு தரமான ஆட்களோடு தினமும் பயிற்சி செய்வது வாட்டுக்குப் புதிது. 1977 ஆகஸ்டில் ஐரோப்பியப் பட்டத்துக்கு பிரான்சின் ஆந்த்ரே ஹோலிக்கை முதல் ரவுண்டிலேயே முடித்தார். 1978-இல் மாட்ரிட்டுக்கே போய், முன்னாள் உலகச் சாம்பியன் பெரிக்கோ ஃபெர்னாண்டஸை அவர் சொந்த நாட்டு மக்கள் முன்னால் வென்றார். அந்தக் காலத்து ஸ்பெயினில் புள்ளிகளில் ஜெயித்து வருவது லேசான காரியம் இல்லை.

இன்றைக்கு ஒரு வீரருக்கு ஒரு தோல்வி வந்தாலே மதிப்பு போய்விடுகிறது. அதற்குப் பயந்து முதல் இருபது சண்டைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு 1970-களுக்குப் போனால் வாட் மட்டுமில்லை, பல நல்ல சாம்பியன்கள் அடிபட்டுப் போவார்கள்.

புகேனனிடம் தோற்றதைக் கறையாகப் பார்ப்பது

'சொந்த நாட்டுக்காரரிடமே தோற்றவர்தானே?' என்று கேட்பார்கள். யாரிடம் தோற்றார் என்று பாருங்கள். எடின்பரோவின் கென் புகேனன் 1970-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் வெயிலில் இஸ்மாயில் லகூனாவை வென்று உலகச் சாம்பியன் ஆனவர். 1972 ஜூனில் நியூயார்க்கில் ராபர்ட்டோ டூரானிடம், இன்றுவரை சர்ச்சையாக இருக்கும் ஒரு முடிவில் பட்டத்தை இழந்தவர். அதற்கு ஏழே மாதம் கழித்துத்தான் வாட்டோடு மோதினார். அப்போதும் உலகின் முதல் சில லைட்வெயிட்களில் ஒருவர். இளம் வாட் அவரோடு 15 ரவுண்டும் நின்றார்.

சண்டை நடந்த இடம் கிளாஸ்கோவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்போர்ட்டிங் கிளப். கோட்டும் போ டையும் போட்ட உறுப்பினர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு மேசையில் இருந்தபடியே பார்க்கும் தனியார் கிளப் அது. அந்த நாளில் பிரிட்டிஷ் பட்டச் சண்டைகளுக்கு மூன்று நீதிபதிகள் கிடையாது. ரெஃப்ரி ஒருவரே மதிப்பெண் போட்டு, கடைசி மணி அடித்ததும் ஜெயித்தவரின் கையைத் தூக்கிவிடுவார். ஸ்காட்லாந்தின் இரண்டு சிறந்த லைட்வெயிட்கள் நேருக்கு நேர் நின்ற இரவு அது. அதைக் கறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'காலியாக இருந்த பட்டம்' என்று ஒதுக்குவது

1979-இன் தொடக்கத்தில் டூரான் எடை கூடி வெல்டர்வெயிட்டுக்குப் போனதால் லைட்வெயிட் பட்டம் காலியானது. அந்த இடத்துக்கு ஏப்ரல் 17 அன்று கிளாஸ்கோவின் கெல்வின் ஹாலில் வாட்டும் கொலம்பியாவின் ஆல்ஃபிரெடோ பிடலுவாவும் மோதினார்கள். 12-வது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டு வாட் ஜெயித்தார்.

டூரானை அடித்து வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று உலக அளவில் இருந்த பெரிய அமைப்புகள் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி. என்று இரண்டே இரண்டு. ஐ.பி.எஃப். 1983-இலும் டபிள்யூ.பி.ஓ. 1988-இலும்தான் வந்தன. இன்று ஒரே எடைப் பிரிவில் நான்கு பெல்ட், அதற்கு மேல் 'இடைக்கால', 'ரெகுலர்' என்று துணைப் பெல்ட்கள். இந்தக் காலத்துக் காலிப் பட்டத்தோடு 1979-இன் காலிப் பட்டத்தை ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் இதில் சேர்ந்தது. வாட்டின் உலகப் பட்டச் சண்டைகள் எல்லாமே 15 ரவுண்டுச் சண்டைகள். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகுதான் டபிள்யூ.பி.சி. அதை 12 ஆகக் குறைத்தது. பிடலுவா 12-வது ரவுண்டில் வீழ்ந்தார் என்று படிக்கும்போது கடைசி ரவுண்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று ரவுண்டுகள் இருந்தன. அதற்கேற்ற மாதிரிதான் வாட் தன் மூச்சைப் பங்கிட்டு வைத்திருந்தார். முதல் நான்கு ரவுண்டில் மந்தமாகத் தெரிகிறார் என்று புகார் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஓ'கிரேடி சண்டையை ஒரே வெட்டுக்காயமாகச் சுருக்குவது

1980 நவம்பர் 1, மறுபடியும் கெல்வின் ஹால். எதிரே ஓக்லஹோமாவின் ஷான் ஓ'கிரேடி. வயது 21, அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வெற்றிகள். 10-வது ரவுண்டில் இருவர் தலையும் மோதின. ஓ'கிரேடியின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. 12-வது ரவுண்டில் ரெஃப்ரி சண்டையை நிறுத்த, வெற்றி வாட்டுக்கு. இணையத்தில் இந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் 'தலையால் முட்டி ஜெயித்தவர்' என்று முடித்துவிடுகிறார்கள்.

ஓ'கிரேடி தரப்புக்கு மனக்குறை இருந்ததில் நியாயம் உண்டு. இன்றைய விதிப்படி, தற்செயலான தலைமோதலால் வந்த காயம் என்று ரெஃப்ரி அறிவித்தால், அதுவரை போட்ட மதிப்பெண்களை எண்ணித் தீர்ப்புச் சொல்வார்கள். அந்த இரவு அப்படி நடக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் தலைகள் ஏன் மோதின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாட் இடதுகைக்காரர். வலது காலை முன்னால் வைத்து, வலது கையால் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போடுவார். ஓ'கிரேடி அதற்கு நேர் எதிர், அவருக்கு இடது கால் முன்னால். இந்த இரண்டு நிலைகளும் எதிரெதிரே வரும்போது முன்னங்கால்கள் இரண்டும் ஒரே பக்கத்தில் உரசும். ஒவ்வொருவரும் தன் கால் வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்று இடம் பிடிக்கப் பார்ப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் தலைகள் ஒரே கோட்டில் வந்துவிடும். இடதுகை, வலதுகைச் சண்டைகளில் நெற்றி வெட்டு அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம். அந்தச் சண்டையை முழுசாகப் பாருங்கள். இரண்டு பேரும் விடாமல் உள்ளே புகுந்துகொண்டே இருப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த இரவில் எதிரெதிரே நின்ற இரண்டு பேருமே பின்னாளில் வர்ணனையாளர்கள் ஆனார்கள். ஓ'கிரேடி அமெரிக்காவில் யு.எஸ்.ஏ. நெட்வொர்க்கின் செவ்வாய் இரவுச் சண்டைகளுக்குப் பல வருடங்கள் குரல் கொடுத்தார்.

இந்த ஒரு சண்டையின் சத்தத்தில் அதே வருடம் ஜூனில் நடந்த பெரிய வெற்றி மறைந்துவிட்டது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில் ஹோவர்ட் டேவிஸை 15 ரவுண்டு புள்ளிகளில் வென்றார் வாட். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, அந்தப் போட்டிகளின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதும் பெற்றவர் டேவிஸ். கை வேகத்தில் வாட்டைவிடப் பல மடங்கு மேல். வாட் வேகத்தோடு போட்டி போடவே இல்லை. ரிங்கின் நடுவைப் பிடித்துக்கொண்டு, வலது கை ஜாபால் அவர் தாளத்தை உடைத்து, நிற்க நேரம் கொடுக்காமல் பின்னாலேயே போனார்.

பட்டம் போனது 1981 ஜூனில், லண்டன் வெம்பிளியில், நிகரகுவாவின் அலெக்சிஸ் ஆர்குவெல்லோவிடம். ஏற்கெனவே இரண்டு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியனாக இருந்தவர் அவர். அவரோடும் 15 ரவுண்டு முழுக்க நின்று, புள்ளிகளில் தோற்று, அதோடு கையுறைகளைக் கழற்றிவிட்டார் வாட்.

வர்ணனையாளரை நீதிபதியாக நினைப்பது

ஓய்வுக்குப் பிறகு வாட், பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐ.டி.வி.யில் ரெக் கட்டரிட்ஜோடு வர்ணனை மேசையில் உட்கார்ந்தார். கட்டரிட்ஜ் பத்திரிகையாளர், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் ஒரு காலை இழந்தவர், குத்துச்சண்டைக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1990-களில் வாட் ஸ்கை ஸ்போர்ட்ஸுக்குப் போனார். அங்கே 2016 வரை இருந்தார்.

இந்த மேசையில் இரண்டு வேலைகள் உண்டு. முதன்மை வர்ணனையாளர் நடப்பதை நடக்க நடக்கச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் முன்னாள் வீரர் அது ஏன் நடக்கிறது என்று சொல்வார். வாட் இரண்டாவது நாற்காலிக்காரர். கால் எங்கே நகர்கிறது, எந்தக் கை தாழ்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அவருடைய பங்கு. ஒவ்வொரு குத்தையும் ஏன் சொல்லவில்லை என்று அவர் மேல் குறைபடுவது ஆளை மாற்றிக் குறைபடுவது.

அவர் ஒரு ரவுண்டை யாருக்குக் கொடுக்கிறார் என்பதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, நீதிபதிகளின் கணக்கு வேறாக வந்ததும் 'மோசடி' என்று எழுதுவது இன்னொரு பழக்கம். நீதிபதிகள் மூன்று பேரும் ரிங்கின் வெவ்வேறு பக்கங்களில் இருப்பார்கள். வர்ணனையாளருக்கு ஒரு பக்கம்தான் நேரடியாகத் தெரியும், மற்றதற்கு மானிட்டர். காதில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார், சுற்றிலும் உள்ளூர் வீரருக்காகக் கூச்சல். அதற்கு நடுவே சொல்லும் கருத்து கருத்துதான்.

சண்டைக்கு ஒரே வர்ணனை என்றும் நினைத்துவிடக் கூடாது. 1995 பிப்ரவரியில் லண்டனில் நைஜல் பென், ஜெரால்ட் மெக்லெலன் மோதிய சண்டை பிரிட்டனில் ஐ.டி.வி.யிலும் அமெரிக்காவில் ஷோடைமிலும் வந்தது. மெக்லெலனுக்கு மூளையில் கடுமையான காயம் ஏற்பட்டு, வாழ்க்கையே மாறிப்போன இரவு அது. இரண்டு ஒளிபரப்புகளும் இணையத்தில் சுற்றுகின்றன. 'வர்ணனையாளர் இப்படிச் சொன்னார்' என்று எழுதும் முன், எந்த நாட்டு ஒளிபரப்பு, யாருடைய குரல் என்று பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. இப்படிப்பட்ட இரவில் ஒருவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் வைப்பது சின்னத் தப்பு இல்லை.

வாட்டையும் பாரி மெக்கீகனையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மெக்கீகன் அயர்லாந்தின் க்ளோன்ஸ்காரர், 1985-இல் எய்செபியோ பெட்ரோசாவை வென்ற ஃபெதர்வெயிட். வாட்டை 'இங்கிலாந்து வீரர்' என்றும் எழுத வேண்டாம். பேக்பைப் முழங்க ரிங்குக்கு நடந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் ஐப்ராக்ஸில் டேவிஸோடு நடந்தது, அப்புறம் பிடலுவா. வாட் வர்ணனை செய்த ஏதாவது ஒரு சண்டையில் மூன்று ரவுண்டுகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்து, உங்கள் மதிப்பெண்ணைத் தாளில் எழுதுங்கள். பிறகு அதே மூன்றையும் அவர் குரலோடு கேளுங்கள். ஓ'கிரேடி சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் 10-வது ரவுண்டிலிருந்து ஓட்டிப் பார்க்காமல் முதல் மணியிலிருந்து பாருங்கள்.