கூடுதல் புள்ளி ஏன் வரவில்லை?

மளிகைக்குக் கூடுதல் புள்ளி (ரிவார்டு பாயின்ட்) என்று சொல்லித் தந்த கிரெடிட் கார்டு, வார இறுதியில் வண்டி நிறையச் சாமான் வாங்கியும் சாதாரணப் புள்ளியையே தருகிறதா? வங்கி பெரும்பாலும் உங்கள் பையைப் பார்ப்பதில்லை, கடையின் வகையைத்தான் பார்க்கிறது. கார்டு ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் 4 இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. மளிகை, சூப்பர் மார்க்கெட் என்றால் 5411. மருந்துக் கடை 5912. உறுப்பினர்களுக்கான மொத்த விற்பனைக் கிடங்கு 5300. ஒரே சோப்பை மூன்று இடங்களில் வாங்கினால் மூன்று விதமாகப் புள்ளி விழலாம்.

எனவே, புதிய கடையில் முதலில் சிறிய தொகைக்கு மட்டும் கார்டைத் தேய்த்துப் பாருங்கள். பரிவர்த்தனை பதிவானதும் அது எந்த வகையில் விழுந்தது என்பதைப் பல வங்கிகளின் செயலிகள் காட்டும். பெரிய பட்டியலை அதன் பிறகு எடுத்துச் செல்லலாம். கூடுதல் புள்ளிக்கு மாத உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த வரம்பைத் தாண்டிய பிறகும் அதே கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பது வீண் விசுவாசம்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் புள்ளியும் திரும்பிப் போகும். கார்டில் பணம் எடுத்தால் பொதுவாகப் புள்ளி கிடையாது, வட்டியோ அன்றே தொடங்கிவிடும். பில்லை முழுதாகக் கட்டாதவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். புள்ளியின் மதிப்பை வட்டி விழுங்கிவிடும்.

துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சேர்ந்த புள்ளிகள் எப்போது காலாவதியாகின்றன என்று பார்த்துவிடுங்கள்.