ஏரிக்குச் சுவர் கிடையாது

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஏதாவது ஒரு கூட்டம் இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு, தோபா ஏரிக்குக் கிளம்பிவிடுகிறது. போன மாதம் ஈப்போவில் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தோட்டத்துப் பையன்கள் மூவர் அதற்காகவே பயிற்சியில் இருந்தார்கள். "நாற்பது சுற்று முடித்துவிட்டோம் அண்ணே, அக்கரைக்கே போய்விடலாம்" என்றான் ஒருவன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். குடித்துவிட்டு இறங்கக்கூடாது, தனியாகப் போகக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஏரியில் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

எதிர்க்கரையைக் குறிவைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நாற்பது சுற்று என்றால் நாற்பது முறை சுவரைத் தொட்டு, காலால் உதைத்து, அந்த வேகத்தில் சில மீட்டர் சும்மா வந்திருக்கிறீர்கள். ஏரியில் உதைக்க எதுவும் இல்லை. நடுவில் மரமோ வீடோ இல்லாததால் தூரமும் குறைவாகத்தான் தெரியும்.

தோபா கரையிலுள்ள துக்துக்கில் தங்கியிருந்தபோது, மதியச் சாப்பாடு செரித்ததும் எதிரே நீட்டிக்கொண்டிருந்த நிலமுனையை நோக்கிப் புறப்பட்டேன். பாதி வழிவரை ராஜ நீச்சல். என் திறமை என்று நினைத்தேன். முதுகில் காற்று தள்ளியிருக்கிறது என்பது திரும்பிய பிறகுதான் புரிந்தது. அலை நேராக வாயில் அடித்தது. உப்பில்லாத தண்ணீர் கடல் மாதிரி உடம்பைத் தூக்கிக் கொடுக்காது. இருபது வீச்சு போட்டுத் தலையைத் தூக்கினால் கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைசியில் படகுக்காரர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். திட்டவில்லை. "பாகி, பாங், பாகி" என்று மட்டும் சொன்னார். காலையில் நீந்து என்கிறார். வலது தோள்பட்டை போனதுதான் மிச்சம். ஆறு மாதம் மனைவி மோட்டார் சைக்கிள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன்.

ஆகவே காலையில், காற்று எழும்புவதற்கு முன் இறங்குங்கள். கரையை ஒட்டியே நீந்துங்கள். காற்று இருந்தால் முதலில் அதை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உதவும். பாதித் தூரத்தில் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தெம்பு செலவானதும் திரும்பிவிடுங்கள்.

கரையோரம்தானே என்ற தைரியம்

தோபா ஓர் எரிமலைப் பள்ளம். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது, ஆழம் 500 மீட்டர் வரை போகும். 2018 ஜூனில் இங்கே மூழ்கிய ஃபெரி கிடந்தது 450 மீட்டர் ஆழத்தில். சில இடங்களில் நாலு எட்டு வைத்தால் காலுக்கடியில் ஒன்றும் இருக்காது. நம் ஊர் ஈய லொம்போங்கும், அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குட்டையும், அப்படித்தான்.

தலையைத் தூக்காமல் நீந்துவது

குளத்தின் அடியில் கோடு உண்டு, இங்கே இல்லை. ஒரு தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலைமுகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவை விலகினால் நீங்கள் விலகிவிட்டீர்கள்.

மிதவை கட்டினால் கௌரவக் குறைச்சல்

கட்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில். படகோட்டிக்கு உங்கள் தலை தேங்காய் மாதிரிதான் தெரியும்.

தத்தளிப்பவன் பின்னால் குதிப்பது

குதிக்காதீர்கள். மூடி போட்ட காலிப் போத்தலையாவது எறியுங்கள்.

ஏரிதான் ஆபத்து, ஆறு நம்முடையது

தோபா போக முடியாதவர்கள் நம் ஊர்ப் பக்கத்துப் பிளஸ் ஆற்றில் இறங்குகிறார்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் அது கெப்பாலா ஆயர், மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெள்ளம். உடனே மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு போனால் போகட்டும்.