கார் கார்ப்பெட்டில் உப்புக்கறை: எக்ஸ்ட்ராக்டர் போடும்போது செய்யக் கூடாதவை

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை போட்ட பிறகு, கடலில் கால் நனைத்துவிட்டு நேராகக் காரில் ஏறுவது சாதாரணமாகிவிட்டது. ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடியவர்கள் ஈரத்துணியைச் சுருட்டிக் கால்மாட்டில் வைக்கிறார்கள். ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் அது சொட்டி முடித்துவிடும். பாம்பனில் மீன் வாங்கினால் ஐஸ் தண்ணீர் டிக்கியில் ஒழுகுகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்துக் கார்களில் டீக்கறையை விட உப்புக்கறைதான் பெரிய தொல்லை.

வீட்டிலேயே கறை எடுக்க, கையடக்க எக்ஸ்ட்ராக்டர் நல்ல கருவி. ஒரு தொட்டியிலிருந்து சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, அழுக்கோடு உறிஞ்சி இன்னொரு தொட்டியில் சேர்க்கும். ஆனால் வாங்கியவர்களில் பலர் அதை வைத்துக் கார்ப்பெட்டை நன்றாக நனைத்துவிட்டு, உறிஞ்சுவதை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். கழுவுவதற்குத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதுமே, உறிஞ்சுவதற்குத்தானே மெஷினே!

முதல் தவறு, மணலை எடுக்காமல் தண்ணீர் விடுவது. தனுஷ்கோடி மணல் பொடி மணல், நூல்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதன்மேல் தண்ணீர் பட்டால் சேறாகி இன்னும் கீழே இறங்கும், மெஷினின் குழாயையும் அடைக்கும். கால்மிதி மேட்டை எடுத்து உதறிவிட்டு, கார்ப்பெட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டி வேக்குவம் போடுங்கள். தட்டும்போது மணல் மேலே துள்ளி வருவது கண்ணுக்கே தெரியும். துள்ளுவது நிற்கும் வரை தண்ணீர்ப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. உப்புக்கறையை உப்புத் தண்ணீரால் அலசினால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். குடிக்கும் தண்ணீரைக் கார் கழுவச் செலவழிக்க இங்கே யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. ஆனால் இந்த மெஷினின் தொட்டி சின்னது. அழுக்கு எடுக்கும் சுற்றுகளுக்குப் போர் தண்ணீரை விட்டு, கடைசியாக அலசும் சுற்றுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விட்டால் போதும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது.

ஷாம்புவில் கை தாராளம் வேண்டாம். நுரை அதிகமானால் அழுக்குத் தொட்டியில் பொங்கி மேலே ஏறும், உறிஞ்சும் வேகம் குறையும், மோட்டாருக்கும் ஆபத்து. கார்ப்பெட்டில் தங்கிவிட்ட ஷாம்பு பிசுபிசுத்துப் புது அழுக்கை இழுக்கும். வெள்ளை உப்புக்கறைக்கு முதலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரே போதும், உப்பு அதிலேயே கரைந்துவிடும். மீன் ரத்தம், பால் சிந்திய இடத்தில் மட்டும் சூடான தண்ணீர் கூடவே கூடாது. புரதம் வெந்து நூலோடு இறுகிவிட்டால் அப்புறம் எடுப்பது கஷ்டம். அதற்குப் பச்சைத் தண்ணீரும் என்சைம் கலந்த கிளீனரும்தான் சரி.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, அளவுக்கு மீறி நனைப்பது. கார்ப்பெட்டுக்குக் கீழே தடிமனான பஞ்சுப் பட்டை இருக்கிறது, அதற்கும் கீழே தகரம். உப்பு கரைந்த தண்ணீர் பஞ்சில் தங்கினால் தகரம் மேலே தெரியாமல் துருப்பிடிக்கும். கதவோரமாகவும் முன்சீட்டுக்கு அடியிலும் வயர்கள் போகின்றன. மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை, அந்தப் பக்கம் பீய்ச்சவே கூடாது. ஒரு தடவை பீய்ச்சினால் மூன்று நான்கு தடவை வெறுமனே உறிஞ்சி இழுங்கள். முனையில் கண்ணாடி மாதிரி இருக்கும் பகுதியைப் பாருங்கள்: முதலில் டீ நிறத்தில் தண்ணீர் ஓடும், பிறகு தெளியும், அப்புறம் துளித்துளியாகக் குறையும். துளியும் நின்ற பிறகுதான் அடுத்த இடம்.

நன்றாகப் போன கறை மறுநாள் அதே இடத்தில் தெரிந்தால் பலரும் இன்னும் ஷாம்பு ஊற்றுகிறார்கள். அடியில் தங்கிய ஈரம் காயும்போது கரைந்த உப்பையும் அழுக்கையும் நூல் நுனிக்கு இழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். லேசாக நனைத்து, நீண்ட நேரம் உறிஞ்சி, மேலே வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்துக் கனம் வைத்து அழுத்தி விடுங்கள். எடுத்துப் பார்த்தால் கறை துண்டுக்கு மாறியிருக்கும்.

சாயங்காலம் வேலையை ஆரம்பிப்பதும் தவறுதான். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், கடலோரத்து இரவுக் காற்றில் கார்ப்பெட் காயாது, பூஞ்சை வாடைதான் வரும். காலை வெயிலில் ஆரம்பித்து, நான்கு கதவையும் திறந்து ஃபேன் வையுங்கள். மதியத்துக்கு மேல் கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடிப்பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்தது கணக்கில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாமல், வெயில் வரும் வரை தள்ளிப்போடுங்கள்.

முடிந்ததும் அழுக்குத் தொட்டியை அன்றைக்கே காலி செய்து, குழாய் வழியாகக் கொஞ்சம் நல்ல தண்ணீரை உறிஞ்சவிட்டு, மூடியைத் திறந்து வையுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரை மட்டும் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்ற வேண்டாம். உப்பும் ஷாம்பும் கலந்த தண்ணீர் அது, செடி தாங்காது.