தைரொக்சின் குளிசையும் நெஞ்செரிவு மருந்தும்: எதை எப்போது எடுப்பது?

எழும்பியவுடன் தைரொக்சின் (தைரொயிட் சுரப்பு குறைந்தவர்களுக்கான ஹோர்மோன்) குளிசையை வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். பால் தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலமாவது, ஏலுமென்றால் ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்து கோட்டைக்கு ஓடுபவர்களுக்கு இதுதான் பெரும்பாடு. இராச்சாப்பாடு முடிந்து 3 மணித்தியாலம் கழித்துப் போடலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் நெஞ்செரிவு மருந்தில். அன்டாசிட் பாணியிலுள்ள அலுமினியம், மக்னீசியம், அதோடு கல்சியம், இரும்புக் குளிசைகள் எல்லாம் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். இடையில் 4 மணித்தியாலம் விடுங்கள். ஒமிப்ரசோல் என்ற நெஞ்செரிவு மருந்து வேறு மாதிரி. அது வயிற்று அமிலத்தையே நாள் முழுக்கக் குறைப்பதால் தைரொக்சின் குளிசை சரியாகக் கரையாது. நேரம் தள்ளிப் போட்டும் பெரிய பயனில்லை. அதைத் தொடர்ந்து எடுக்கத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ, 6 முதல் 8 கிழமையில் டிஎஸ்எச் (தைரொயிட் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். தைரொக்சின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

இரவில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு உடனே சரிய வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 செ.மீ. மரக்கட்டை வையுங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து எரிவு கூடும். விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், காரணமில்லாத மெலிவு என்றால் தாமதிக்காமல் டொக்டரைப் பாருங்கள்.