பழைய பிரிட்டிஷ் பிளக் பாயின்ட்: யார் செய்தது, எப்போது செய்தது?

பேக்லைட்டில் (ஆரம்பகால பிளாஸ்டிக்) செய்த பழைய ரவுண்ட் பின் சாக்கெட் கையில் கிடைத்தால், முகப்பைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள். பழுப்பு நிறமும் வட்ட வடிவமும் பல கம்பெனிகளுக்குப் பொது. விஷயம் பின்பக்கம் இருக்கிறது.

1. சாக்கெட் இன்னும் சுவரில் இருந்தால் மெயினை ஆஃப் செய்து, கரண்ட் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு கழற்றுங்கள். பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே உதிரும்.

2. மூடியைத் திருப்பி, காய்ந்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் கூடவே கூடாது, எழுத்தே போய்விடும். எழுத்து மங்கலாக இருந்தால் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி (விபூதியும் போதும்), டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

3. இப்போது பெயர். எம்கே, கிராப்ட்ரீ என்ற இரண்டு பிரிட்டிஷ் கம்பெனிகளின் பெயர் அடிக்கடி கண்ணில் படும். இரண்டுமே 1919-இல் தொடங்கியவை. அதற்கு முந்தைய சரக்கு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். மூடியில் ஒரு பெயர், பீங்கான் அடிப்பாகத்தில் வேறு பெயர் என்றால் பெரும்பாலும் மூடியைப் பிற்காலத்தில் யாரோ மாற்றியிருப்பார்கள். அடிப்பாகத்தையே நம்புங்கள்.

4. அப்புறம் எண்கள். ‘பிஎஸ் 546’ (பிஎஸ் என்றால் பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்) என்று இருந்தால் 1934-க்கு முந்தையது அல்ல. அந்தத் தர விதி வந்ததே அப்போதுதான். நம் வீட்டு 6, 16 ஆம்பியர் ரவுண்ட் பின் சாக்கெட்டுகள் அதன் வழிவந்தவையே. ‘பிஎஸ் 1363’ என்றால் 1947-க்குப் பிந்தைய சதுர பின்.

பேட்டன்ட் எண் இருந்தால் அதிர்ஷ்டம். பிரிட்டனில் 1915 வரை ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் பக்கத்தில் ஆண்டும் இருக்கும். 1916-இல் 1,00,001-இலிருந்து தொடர் எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். 3,23,000 சொச்சம் என்றால் 1930 வாக்கு, 5,16,000 என்றால் 1940 வாக்கு. ஆனால் இது பேட்டன்ட் பிறந்த ஆண்டுதான். அதே அச்சில் பல வருடம் வார்த்திருக்கலாம். ஆகவே ‘இதற்குப் பிறகு’ என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. பெயரே இல்லையா? துளைகளைப் பாருங்கள். நடுவில் எர்த்துக்கு வட்டத் துளை, இரு பக்கமும் தட்டைத் துளைகள் என்றால் அது வைலெக்ஸ் கம்பெனி வகை. டார்மன் அண்ட் ஸ்மித் கம்பெனி வகையில் பிளக்கின் பின்களில் ஒன்றுதான் ஃபியூஸ். அது மரை கழன்று சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். பழைய சாக்கெட் ஒன்றில் தனியாக ஒரு பின் சிக்கியிருந்தால் முதலில் இந்த வகையைச் சந்தேகியுங்கள்.